ஓலைப்பெட்டிக்கு விலை வைக்கக் கற்றுக்கொடுப்பது: சிறு கைவினைத் தொழில்களுக்கான எட்டு மாதப் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் பயிற்சி முகாம் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி நாள் மாலை நாலு மணிக்கு பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று ஒரு போட்டோ. ஆளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு பேனா. வந்த அறுபது பேரில் பாதிப் பேர் தொழிலை விட்டு ஐந்து வருடம் ஆகியிருக்கும். எண்ணிக்கைக்காகக் கூட்டி வந்திருப்பார்கள். மீதிப் பேர் மறுநாள் வீட்டுக்குப் போய் அதே பெட்டியை அதே வியாபாரிக்கு அதே விலைக்குக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட முகாம்களில் நானும் மைக் பிடித்து 'மார்க்கெட்டிங்' வகுப்பு எடுத்தவன்தான். ஆகவே இதைக் குறை சொல்லும்போது என்னையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறேன்.

சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு நடத்துகிறவர்கள், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள், கல்லூரித் தொழில்முனைவு மையத்துப் பொறுப்பாளர்கள், வடிவமைப்பு படித்துவிட்டுக் கைவினைக்காரர்களோடு வேலை செய்ய ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகள், இவர்களுக்காக எழுதுகிறேன். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பனை ஓலை வேலையை உதாரணமாக எடுத்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பழக்கம். பத்தமடைப் பாய்க்கும் மானாமதுரை மண்பாண்டத்துக்கும் கணக்கு மாறும், வழி இதுதான்.

படி 1: பத்துப் பேர் போதும்

அறுபது பேருக்கு மூன்று நாள் கொடுப்பதைவிடப் பத்துத் தொழில்களுக்கு எட்டு மாதம் கொடுங்கள். 'தொழில்' என்று நான் சொல்வது தனியாக வேலை செய்யும் ஒருவராகவும் இருக்கலாம், ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவாகவும் இருக்கலாம். தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே கேள்விதான்: கடந்த ஆறு மாதத்தில் வெளியாளுக்கு எதையாவது விற்றிருக்கிறீர்களா? விற்ற தொகை ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. விற்றவருக்கு ஒரு வலி தெரிந்திருக்கும், வகுப்பு அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். போன் யார் கையில் இருக்கிறது, வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? வேலை செய்வது அக்காவாகவும், வியாபாரியோடு பேரம் பேசுவது வீட்டுக்காரராகவும் இருந்தால் இரண்டு பேரும் வர வேண்டும். அக்காவுக்கு மட்டும் விலைக்கணக்கு சொல்லிக்கொடுத்தால் அந்தக் கணக்கு வீட்டு வாசலைத் தாண்டாது.

வகுப்பு நாளுக்குக் கூலி கொடுங்கள். அன்றைக்குப் பெட்டி முடையாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. கைவினைஞர்களுக்காக மத்திய அரசு 2023 செப்டம்பரில் கொண்டுவந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில்கூடப் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். இலவசப் பயிற்சி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். வருகிறவருக்கு அது செலவு.

பட்ஜெட் போடும்போது ஹால் வாடகையைவிடப் பஸ் காசு அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பப் போடுங்கள். இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி ஊர் ஊராகப் போவதுதான்.

படி 2: முதல் மாதம் வகுப்பே வேண்டாம்

போய் உட்காருங்கள். நோட்டு, போன், இரண்டே போதும்.

ஒரு முறை சாயல்குடிப் பக்கம் ஒரு அக்காவிடம், "ஆறு இஞ்ச் மூடிப்பெட்டி ஒண்ணு முடைய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவேன் தம்பி" என்றார். பொய் சொல்லவில்லை, பெட்டியின் உடம்பை முடையும் நேரத்தைத்தான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டேன். உடம்பு முடைய இரண்டரை மணி நேரம். மூடிக்கு ஒன்றேகால் மணி. விளிம்பு கட்டி, நுனி வெட்டிச் சீராக்க 35 நிமிடம். ஆக நாலு மணி 20 நிமிடம்.

முந்தின நாள் ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே குருத்தோலையின் ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்தில் கிழித்து, சுருட்டி வைத்தாரே, அது? "அது வேலையா? டிவி பாக்கையில செய்யிறது" என்றார். ஒரு பெட்டிக்கான ஓலையை மட்டும் கணக்கெடுத்தால் அரை மணி. சாயம் காய்ச்சி ஓலையை முக்கி எடுத்துக் காயப்போடுவதைப் பெட்டிகளுக்குப் பங்கு போட்டால் இன்னும் பத்து நிமிடம். மொத்தம் ஐந்து மணி நேரம். இருபது வருடமாக முடைகிறவர், அந்த எண்ணை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த மாதம் முழுக்க இதுதான் வேலை. ஒவ்வொரு தொழிலிலும் மூன்று பொருளுக்கு நேரம் எடுங்கள். ஒரு தடவை எடுத்து நம்பிவிடாதீர்கள். நாம் பார்க்கிறோம் என்றால் கை வேகமாக ஓடும். மூன்றாவது தடவைதான் வழக்கமான வேகம் தெரியும். அதோடு ஓலை எங்கே வாங்குகிறார்கள், கட்டு என்ன விலை, எத்தனை கெட்டுப்போகிறது, எங்கே வைக்கிறார்கள், எலி வருகிறதா, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யோசனை எதுவும் சொல்லாதீர்கள். நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு டப்பா

இரண்டாவது மாதம் முதல் வகுப்பு, அரை நாள். பேரேடு, வரவு, பற்று என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் கண்கள் ஜன்னலுக்குப் போய்விடும். ஒரே பாடம் போதும்: தொழில் காசு ஒரு டப்பாவில், வீட்டுக் காசு இன்னொரு டப்பாவில். தொழில் டப்பாவிலிருந்து வீட்டு டப்பாவுக்குப் போவது வாரம் ஒரு முறை, கூலி என்ற பெயரில், எழுதி வைத்து.

சின்ன விஷயமாகத் தெரியும். டொமினிகன் குடியரசில் ஒரு நுண்கடன் வங்கியின் வாடிக்கையாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முறையான கணக்குப்பதிவு வகுப்பு. இன்னொரு கூட்டத்துக்கு வீட்டுக் காசையும் தொழில் காசையும் பிரித்து வை என்பது போன்ற எளிய கைவிதிகள். 2014ல் வெளியான அந்த ஆய்வில், கைவிதி கற்றவர்களிடம்தான் பழக்கம் மாறியிருந்தது. முறையான கணக்கு வகுப்பு சொல்லிக்கொள்ளும்படி எதையும் மாற்றவில்லை.

நோட்டுப் போடவே முடியாது என்கிறவர்கள் இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுவரில் காலண்டர் தொங்கவிட்டு, விற்ற நாளில் எண்ணிக்கையை மட்டும் போடச் சொல்லலாம். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை நோட்டாக்கிய ஒரு பாட்டியின் கணக்கு, நான் பார்த்ததிலேயே சுத்தமான கணக்கு.

படி 4: விலைக்கணக்கு

வேறு எதற்கும் நேரம் இல்லையென்றாலும் இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன மூடிப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா அந்தப் பெட்டியை 250 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓலைக்கு 20, சாயத்துக்கும் விறகுக்கும் 8. "ஒரு பெட்டிக்கு 222 ரூபா லாபம்" என்பது அவர் கணக்கு.

பொதுச்செலவை முதலில் பிரிப்போம். ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கு மாதம் 100 மணி நேரம் என்றால் 500 மணி. கரண்ட், போன் ரீசார்ஜ், ஷெட் வாடகை, ஓலை எடுத்துவர ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ரூபாய். மணிக்கு 6 ரூபாய் வருகிறது. ஐந்து மணிப் பெட்டிக்கு 30 ரூபாய். இப்போது 250ல் 28 போய், 30 போய், மிச்சம் 192. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 38 ரூபாய் 40 காசு. எட்டு மணி நேர நாளுக்கு 307 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336. வாய்க்கால் வெட்டப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. மகள் ஏன் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. "இளைய தலைமுறைக்குப் பாரம்பரியத்தில் ஆர்வமில்லை" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்த ஒரு வகுத்தல் கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது மறுபக்கத்திலிருந்து வருவோம். கூலி மணிக்கு 60 என்று வையுங்கள், எட்டு மணிக்கு 480. ஐந்து மணிக்கு 300. பொருள் 28, பொதுச்செலவு 30. கூட்டினால் 358. இருபதில் ஒன்று கோணலாகவோ சாயம் திட்டுத்திட்டாகவோ போய்விடும், அந்த நஷ்டத்தை மற்ற பத்தொன்பதும் சுமக்க வேண்டும். ஆக அடக்கம் சுமார் 377. அதில் 20 சதவீதம் லாபம் வைத்தால் மொத்த வியாபார விலை சுமார் 450. கூலி வேறு, லாபம் வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்லுங்கள். கூலி கைக்கு, லாபம் டப்பாவுக்கு. அடுத்த கட்டு ஓலையும் புதுக் கத்தியும் மழைமாதத்துச் சாப்பாடும் லாபத்திலிருந்துதான் வரும்.

கடைக்காரர் வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கு வைப்பார். அவருக்கு வாடகை, ஏசி, ஆள் சம்பளம், விற்காமல் கிடப்பது என்று செலவு பல. அப்படியானால் கடையில் பெட்டி 900 ரூபாய். அக்கா சிரித்துவிட்டார். "தொள்ளாயிரத்துக்கு யாரு தம்பி வாங்குவா?"

நல்ல கேள்வி. அடுத்த படி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 5: கடிகாரத்தோடு வடிவமைப்பு

வடிவமைப்புப் பட்டறை என்ற பெயரில் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நகரத்திலிருந்து ஒருவர் வருவார். பதினைந்து நாளில் முப்பது புது மாதிரி. லேப்டாப் பை, விளக்குக் கூண்டு, ஒயின் பாட்டில் உறை. போட்டோ பிரமாதமாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் போனால் அந்த முப்பதும் அலமாரிமேல் தூசியோடு இருக்கும். அழகில் குறை இல்லை. அந்த விளக்குக் கூண்டு பதினொரு மணி நேரம் பிடிக்கும் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பழக்கியிருப்பது இப்படி. முதலில் வாங்குகிறவர் தரக்கூடிய விலை. அதிலிருந்து பின்னால் வந்து எத்தனை மணி நேரம் அனுமதி என்று கண்டுபிடிப்பது. அதற்குள் அடங்குகிற பொருள். கல்யாணத் தாம்பூலத்துக்கு ஒரு பைக்கு 150 முதல் 200 ரூபாய் வரை செலவழிக்கத் தயாராக இருக்கும் வீடுகள் உண்டு. 185 ரூபாய் என்று வைத்துப் பின்னோக்கி வந்தால் கூலி, பொருள் எல்லாம் போக இரண்டு மணி நேரம்தான் கையில் நிற்கும். (கூலி 120, ஓலை 15, பொதுச்செலவு 12, ஆக 147. சேதாரத்தோடு 155. லாபத்தோடு 185.) இரண்டு மணியில் என்ன முடியும்? மூடி போனது. ஆறு இஞ்ச் நாலு இஞ்ச் ஆனது. உடம்பு முழுக்க இருந்த சாயக் கட்டம் போய், விளிம்பை ஒட்டி ஒரே ஒரு அரக்கு நிறக் கோடு நின்றது. அந்தக் கோட்டைக் குறைக்க அக்கா சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது சரி, அந்தக் கோடு இல்லையென்றால் அது யாருடைய பெட்டி என்றே தெரியாது.

மூடிப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். 900 கொடுக்க ஆள் உண்டு, எண்ணிக்கை குறைவு. கண்காட்சியில் நேரடியாக விற்க வருடத்துக்கு நாற்பது செய்தால் போதும். செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக்கூடையைப் பாருங்கள். ஆச்சிமார் வீட்டில் முடைந்து மணியும் பின்னல் வேலையும் வைத்து அலங்கரித்த பொருள் மறைந்துகொண்டிருந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். ராமநாதபுரத்துப் பெட்டிக்கு 'செட்டிநாடு கொட்டான்' என்று சீட்டு ஒட்டுவது தப்பு.

குஜராத்தின் கட்ச் பகுதியில் சோமையா கலா வித்யா என்ற பள்ளி நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் வடிவமைப்பும் வணிகமும் சொல்லித்தருகிறது. நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது பாடத்தைவிட அதன் கால அட்டவணையை. இரண்டு வாரம் பாடம், அப்புறம் வீட்டுக்குப் போய்த் தன் பட்டறையில் செய்து பார்ப்பது, மறுபடி வந்து அடுத்த பாடம். வேலையை நிறுத்தாமல் கற்க வேறு வழியில்லை.

ஒரே அளவில் நூறு பெட்டி செய்யவும் இந்த மாதத்திலேயே பழக்க வேண்டும். விரற்கடையால் அளந்தால் ஆளுக்கு ஆள் விரல் மாறும். தச்சரிடம் சொல்லி நாலு இஞ்ச் மரக்கட்டை அச்சு செய்துகொடுங்கள், அதன்மேல் வைத்து முடைந்தால் ஐந்து பேரின் பெட்டியும் ஒன்றாக வரும். சாயத்துக்கு ஒரு தராசும் அளவுக் குவளையும். 'ஒரு கை சாயம்' என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு சிவப்பு.

படி 6: விவரம் தெரிந்தவரைச் சேர்த்துவிடுதல்

மென்டர் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 'விவரம் தெரிஞ்சவங்க'.

கென்யாவின் நைரோபியில் டண்டோரா என்ற ஏழை வட்டாரத்தில் சிறுதொழில் செய்யும் பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2018ல் வெளியானது. சிலருக்கு வணிக வகுப்பு, சிலருக்கு அதே வட்டாரத்தில் வெற்றிகரமாகத் தொழில் செய்யும் ஒருவரோடு சந்திப்பு. வகுப்பினால் லாபம் கூடவில்லை. சந்திப்பு கிடைத்தவர்களுக்கு லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. பெரிய உத்தி எதுவும் இல்லை. எங்கே சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது மாதிரியான உள்ளூர் விவரம்தான் வேலை செய்தது. சந்திப்பு நின்றதும் பலனும் கரைந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வையுங்கள், எட்டாம் படியில் வருகிறேன்.

ஆகவே ஓய்வுபெற்ற பெரிய கம்பெனி அதிகாரியைத் தேடாதீர்கள். அவர் நல்லவர்தான், 'பிராண்ட்' பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். எனக்குக் கிடைத்ததில் மிகச் சிறந்தவர் பக்கத்து ஊரில் பலகாரக் கடை நடத்தும் ஒரு அம்மா. அட்டைப்பெட்டி எந்த ஊரில் மொத்தமாக வாங்குவது, தீபாவளிக்கு எப்போது ஆள் சேர்ப்பது, கடன் சொல்லும் வாடிக்கையாளரை எப்படிக் கோபப்படாமல் நெருக்குவது, எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ஓலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியத் தேவையில்லை.

சேர்த்துவிடும்போது சில விதிகள். மாதம் இரண்டு சந்திப்பு, ஒன்று இவர் இடத்தில், ஒன்று அவர் இடத்தில். திட்டம் முடியும்வரை ஒருவருக்கொருவர் கடன் இல்லை, கொள்முதலும் இல்லை. பணம் நடுவில் வந்தால் பேச்சு மாறிவிடும். ஒரே தொழில், ஒரே சந்தை என்றால் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அடுத்த முறைக்குள் செய்ய ஒரே ஒரு வேலை.

அந்த அம்மாவும் நம் அக்காவும் பேசியதைக் கேட்டேன். சரியான சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்காக இங்கே தருகிறேன்.

"போன வாரம் எத்தனை போச்சு?"

"நாப்பது போச்சுக்கா. காசு இன்னும் வரல."

"எப்ப தாரேன்னாரு?"

"கேக்கலக்கா. கேட்டா தப்பா நெனைப்பாரோன்னு."

"சரக்கைக் கொடுத்தப்போ சீட்டு ஏதும் எழுதிக் கொடுத்தியா?"

"இல்லையே."

"சரி, அடுத்த வாரத்துக்குள்ள ஒரு பில் புக்கு அடிச்சிரு. நூறு பக்கம், பெரிய செலவில்ல. பேசி காசு கேக்கத்தான் கூச்சமா இருக்கும். சீட்டை நீட்டினா அதுவே கேக்கும்."

முழுச் சந்திப்பும் கால் மணி நேரம். பாக்கி நேரம் மருமகள் பற்றிப் பேசினார்கள். அதுவும் தேவைதான்.

படி 7: முதல் ஆர்டரே வகுப்பு

ஐந்தாம் மாதம் ஒரு உண்மையான ஆர்டர் கையில் இருக்க வேண்டும். எகிப்தில் ஃபுவா என்ற ஊரில் கம்பளம் நெய்யும் சிறு தொழில்களில் சிலருக்கு மட்டும் ஏற்றுமதி ஆர்டர் கிடைக்கும்படி செய்து, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது, தரமும் தெளிவாக உயர்ந்தது. கண்டிப்பான வாங்குபவருக்குத் திரும்பத் திரும்பச் செய்ததில் வந்த தேர்ச்சி அது.

முதல் ஆர்டர் ஐம்பது உருப்படிக்கு மேல் வேண்டாம். அதை இப்படி நடத்துங்கள்: மாதிரி ஒன்று அனுப்பி, இதுதான் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்குவது. அதேபோல் ஒன்றைக் குழுவிடமே பத்திரமாக வைத்துக்கொள்வது, நாளை 'இது அது இல்லையே' என்று பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட. பாதிப் பணம் முன்பணம், அது வராமல் ஓலை வாங்குவதில்லை. பாதி வேலை முடிந்ததும் போட்டோ. அனுப்புமுன் குழுவில் அந்தப் பெட்டியை முடையாத ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்ப்பது.

கூரியரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓலைப்பொருளுக்கு எடை இல்லை, இடம்தான் அதிகம். கூரியர்காரர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோவுக்குக் காசு வாங்குவார்கள். 45 × 45 × 40 அட்டைப்பெட்டி என்றால் 16 கிலோவுக்கு மேல். உள்ளே உண்மையில் நாலு கிலோதான் இருக்கும். மூடியில்லாத கொட்டானைச் சற்று வாய் அகலமாக முடைந்தால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். இதை நாங்கள் முதல் பார்சலுக்குப் பணம் கட்டிய பிறகுதான் கண்டுபிடித்தோம்.

'விற்றால் பணம்' என்று சரக்கை வைத்துவிட்டு வருவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நகரத்துக் கடையில் அப்படி 200 பெட்டி வைத்தோம். எட்டு மாதம் கழித்து 60 பெட்டி திரும்பி வந்தது, ஜன்னல் வெயிலில் சாயம் வெளுத்து, விலைச்சீட்டுப் பசை ஒட்டியபடி. யாருக்கு விற்பது அதை? தப்பு எங்களுடையதும்தான், எதையும் எழுதி வாங்கவில்லை.

வாங்கிய சரக்குக்குப் பணம் இழுத்தடித்தால் சட்டம் துணை இருக்கிறது. 2006ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. மாநிலத்தில் இதற்கான வசதி மன்றத்தில் முறையிடலாம். வாங்கியவர் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அந்தத் தொகையைத் தன் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. பல கடைகளின் கணக்காளர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் நன்றாகத் தெரியும். பில்லின் அடியில் உத்யம் எண்ணை (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு எண்) அச்சடித்து வைத்தாலே பாதி வேலை முடியும்.

காகிதங்கள், சுருக்கமாக: உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், காசு கேட்கும் இணையதளம் போலி. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையான பெஹ்சான் இருந்தால் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க உதவும். ஜிஎஸ்டி பொருள் விற்பனைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம்வரை தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம், ஆனால் பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம்வரை விலக்கு உண்டு. அதற்கும் பான் எண்ணும், சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லும் வேண்டும்.

கடன் பற்றி எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்பார்கள். ஆர்டர் வரட்டும் என்று சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு விஸ்வகர்மா திட்டத்தை அப்படியே ஏற்காமல், 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. கூடை முடைதல், பாய் பின்னுதல் உள்ளிட்ட 25 தொழில்கள், 3 லட்சம்வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் இருக்கிறதே என்பதற்காகக் கடன் வாங்கி, வீட்டுக்கு மாடி கட்டிய கதைகள் நிறைய. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு டப்பாப் பாடம் அங்கே தோற்றுவிட்டது.

படி 8: வருடத்தைத் தமிழ் மாதத்தில் போடுங்கள்

ஜனவரி முதல் டிசம்பர் என்று திட்டம் போட்டால் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தாம்பூல ஆர்டர் படுத்துவிடும். புரட்டாசியில் நவராத்திரி, கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஓலைப்பொருள் கேட்பார்கள். அந்த ஆர்டரைப் பேசி முடிக்க வேண்டியது ஆவணியில். ஆடியில் சும்மா இருக்கும் கையை அதற்கான சரக்குக்குத் திருப்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு ஓலையைப் புரட்டாசிக்குள் கிழித்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். ஒரு சார்ட் தாளில் இதை வரைந்து சுவரில் ஒட்டினால் போதும்.

மாதம் ஒரு முறை மூன்று எண்ணை மட்டும் பாருங்கள்: மணிக்கு எவ்வளவு கிடைத்தது, திரும்ப வந்து வாங்கியவர் எத்தனை பேர், வராத பாக்கி எவ்வளவு. பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்பார்கள். அதையும் எழுதுங்கள், கடைசி வரியில்.

எட்டாம் மாதம் நீங்கள் விலக வேண்டும். டண்டோராவில் சந்திப்பு நின்றதும் பலன் கரைந்தது என்று சொன்னேன் அல்லவா? அதனால் விலகுமுன் பத்துத் தொழில்காரர்களும் மாதம் ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் வீட்டில் கூடும்படி பழக்கிவிடுங்கள். கடைசி மூன்று கூட்டத்துக்கு நீங்கள் பேசாமல் ஓரமாக உட்காருங்கள். அதற்கு அடுத்த கூட்டத்துக்குப் போகவே போகாதீர்கள். சாயம், அட்டைப்பெட்டி இரண்டையும் பத்துப் பேரும் சேர்ந்து மொத்தமாக வாங்கும்படி ஏற்பாடு செய்தால், கூடுவதற்கு ஒரு காரணம் தானாக இருக்கும்.

கடைசியாக அந்த அக்கா வீட்டுக்குப் போனபோது ஸ்பீக்கரில் ஒரு வியாபாரி பேசிக்கொண்டிருந்தார். முந்நூறு பெட்டி வேணும், 160க்கு முடிச்சிக் குடுங்க என்றார். அக்கா காலண்டரைப் புரட்டினார், நோட்டைப் பார்த்தார்.

"அந்த வெலைக்கு மூணு இஞ்ச்தான் வரும் அண்ணாச்சி. சாயக்கோடு உண்டு, மூடி கிடையாது. சரின்னா பாதிப் பணம் போடுங்க, மாசி பதினஞ்சுக்குள்ள தாரேன்."

அந்தப் பக்கம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டு, வெந்நீரில் ஊறிய ஓலையைப் புரட்டிவிடப் போனார்.